இன்னும் ஓடட்டுமா?

கேள்வி: வாரத்தில் ஏழு நாளும் காலையில் ஒரு மணி நேரம் ஓடுகிறேன், மாலையில் சைக்கிள். ராத்திரி சாப்பாடும் பாதிதான். முதலில் மளமளவென்று இறங்கிய எடை இப்போது அசையவே இல்லை. இன்னும் அரை மணி நேரம் கூட்டட்டுமா?
- வாசகி, திருச்சி

பதில்: கூட்டாதீர்கள், குறையுங்கள்! துரத்திப் பிடிக்க, கொழுப்பு ஒன்றும் உங்களுக்கு முன்னால் ஓடிக்கொண்டிருக்கவில்லை.

வயிற்றைக் காயப்போட்டு ஓட்டத்தை மட்டும் கூட்டினால், உடம்பு கொழுப்போடு தசையையும் சேர்த்துக் கரைக்கும். தசை தங்க வேண்டுமானால் அதற்கு வேலை வேண்டும். ஆகவே வாரத்தில் மூன்று நாள் ஓட்டத்தை விட்டுவிட்டு ஸ்குவாட், தண்டால், டம்பெல் என்று இறங்குங்கள். மூன்று நாள் ஓடுங்கள். ஏழாவது நாள் பூரண ஓய்வு. வேண்டுமானால் காலாற நடக்கலாம். உலக சுகாதார நிறுவனத்தின் 2020 பரிந்துரையும் வாரத்தில் 2 நாளாவது தசைப் பயிற்சி கேட்கிறது. தசைக்குப் புரதமும் வேண்டுமே, ராத்திரி தட்டில் முட்டையோ சுண்டலோ கட்டாயம் இருக்கட்டும்.

தூக்கத்தில் மட்டும் கஞ்சத்தனம் கூடவே கூடாது. சிகாகோ பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2010-ல் வெளிவந்தது. பத்தே பேரை வைத்துச் செய்த சின்ன ஆய்வுதான். ஒரே அளவு சாப்பாடு. ஆனால் படுக்கையில் இருக்கும் நேரத்தை எட்டரை மணி நேரத்திலிருந்து ஐந்தரையாகக் குறைத்தபோது, கரைந்த கொழுப்பு 55 சதவீதம் குறைந்துபோனது!

தராசை ஒரு மாதம் பரண்மேல் போட்டுவிட்டு, டேப்பால் இடுப்பை அளந்து பாருங்கள். மாதவிடாய் தள்ளிப்போனாலோ, அசதி விடாமல் இருந்தாலோ உடனே மருத்துவரைப் பாருங்கள்.