'மஹென்' ஆராய்ச்சி

'மஹென்' என்பது ஜெர்மன் மொழியில் செய்தல், ஆக்குதல் என்னும் பொருளில் வழங்கும் வினைச்சொல். தில்லி கஸ்தூர்பா காந்தி மார்க்கில் உள்ள மேக்ஸ்முல்லர் பவனில் ஜெர்மன் கற்கச் சேரும் தமிழருக்கு இது முதலில் உறவுமுறைச் சிக்கலாகவே வந்து சேர்கிறது. (பவனுக்குப் பெயர் தந்த அறிஞர் இந்தியாவுக்கு ஒருமுறைகூட வந்ததில்லை என்பது தனி ஆய்வுக்குரியது.) ரோமன் எழுத்தைக் கூட்டிப் படித்தால் 'மச்சான்' என்று வருகிறது, உச்சரிப்பைக் கேட்டால் 'மகன்' என்று விழுகிறது. மைத்துனனா மைந்தனா என்ற இந்த ஐயத்தில் காதை நம்புவதே முறை. தமிழில் இரண்டு உயிர்களுக்கு நடுவே வரும் ககரம் அந்தத் தொண்டை ஒலிக்கு ஏறக்குறைய பக்கத்து வீடு.

இதன் வேர்ப்பொருள் பிசைதல் என்பது சொற்பிறப்பியலார் பலரின் கருத்து. மாவையோ களிமண்ணையோ பிசைந்து உருக்கொடுத்ததிலிருந்து 'செய்' என்னும் பொதுப்பொருள் கிளைத்ததாம். அவ்வாறாயின் சாந்தினி சௌக்கின் பராத்தேவாலி கலியில் இவ்வினை இன்றும் மூலப்பொருளிலேயே நிகழ்ந்துவருகிறது. ஆங்கிலத்தின் 'மேக்' இதன் உடன்பிறப்பு. வட ஜெர்மானிய வட்டார வழக்குகளில் பழைய ககரம் மாறாமல் 'மாகென்' என்றே நிற்கிறது. இரு வடிவங்களையும் பிரிக்கும் எல்லைக்கு, டூசல்டோர்ஃபின் பகுதியான பென்ராத்தின் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

வழக்கில் இச்சொல் எதற்கும் மறுப்பதில்லை. படுக்கை விரிக்க, விடுமுறை எடுக்க, படம் பிடிக்க, 'பத்து யூரோ ஆச்சு' என்று கடைக்காரர் கணக்குச் சொல்ல, எல்லாவற்றுக்கும் இதுவே. 'மஹ்ட் நிஷ்ட்ஸ்' என்றால் பரவாயில்லை. 'அன்' என்ற முன்னொட்டைச் சேர்த்தாலோ விளக்குப் போடவும், சாலட்டில் எண்ணெய் கலக்கவும், முன்பின் தெரியாத பெண்ணிடம் வலியப் போய்ப் பேசவும் பயன்படும். தமிழில் இத்தனை சுமை தாங்குவது 'பண்ணு' ஒன்றுதான். ஃபோன் பண்ணு, ட்ரை பண்ணு, அட்ஜஸ்ட் பண்ணு. தமிழாசிரியர்கள் 'பண்ணு'வைக் கண்டால் முகம் சுளிப்பது போலவே, ஜெர்மன் ஆசிரியர்களும் கட்டுரை நோட்டில் 'மஹென்' மிகுந்தால் சிவப்பு மையை எடுக்கிறார்கள். ஒரு வேறுபாடு உண்டு: ஃபோன் பண்ணுவதற்கு ஜெர்மானியருக்கு இது தேவைப்படாது. அந்நியச் சொல்லுக்கே விகுதி ஒட்டி 'டெலிஃபோனீரென்' என்று முடித்துவிடுவார்கள். அந்தப் பொறுமை தமிழுக்கும் இல்லை, 'ஃபோன் கர்னா' என்னும் தில்லி இந்திக்கும் இல்லை.

ஆய்வின் முக்கியமான முடிவு தலைநகரைப் பற்றியது. 'மஹ்ட்' என்ற பெயர்ச்சொல்லுக்கு அதிகாரம் என்று பொருள். இவ்வினையின் படர்க்கை வடிவமும் அதே ஒலிதான். ஒலியை நம்பி இரண்டையும் ஒரே குடும்பத்தில் சேர்ப்பவர்கள் உண்டு, அது தவறு. அதிகாரத்தைக் குறிக்கும் சொல் 'இயலும்' என்னும் வேறொரு வேரில் பிறந்தது. அதிகாரத்துக்கும் காரியம் செய்வதற்கும் வேரளவில்கூடத் தொடர்பில்லை என்பதை அறிய, அமைச்சக வரவேற்பறைகளில் காத்திருந்தவர்களுக்கு மொழியியல் தேவைப்பட்டிராது. மாறாக, 'மாக்லர்' எனப்படும் தரகர் டச்சு வழியாக இவ்வினையிலிருந்தே வந்தவர். கரோல்பாகில் வீடு தேடிய எவருக்கும் இதில் வியப்பில்லை.

2011இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி கேந்திரிய வித்யாலயாக்களில் ஜெர்மன் மூன்றாம் மொழியாகக் கற்பிக்கப்பட்டது. 2014இல் அந்த இடம் சமஸ்கிருதத்துக்குப் போயிற்று. சமஸ்கிருதம் என்ற பெயருக்குள்ளேயே 'க்ரு', அதாவது 'செய்', இருப்பதால், ஒரு செய்வினை போய் இன்னொரு செய்வினை வந்ததாகவே கொள்ள வேண்டும். ஜெர்மன் விருப்பப் பாடமாக எஞ்சியது.