எர்த்து ஓட்டையில் ஒரு பேனா

பூமத்திய ரேகைக்கு மூன்றே டிகிரி மேலே இருக்கிறது எங்கள் சாலாக் செலாத்தான். வருடம் முழுக்க 12 மணி நேரப் பகல். கேட்காமலே வெயில், கேட்காமலே மழை. இந்த ஊரில் கறிவேப்பிலைக்கு லைட் போட்டு வளர்க்கிறோம். நம்பாதவர்கள் இரவில் எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்க்கலாம். மாடிக்கு ஒரு ஜன்னலாவது ஊதா நிறத்தில் மின்னும்.

பால்கனியில் வைக்கலாமே என்று கேட்காதீர்கள். அங்கே வாஷிங் மெஷின், துணிக்கொடி, போன தீபாவளியின் முறுக்கு டின்கள். ஆகவே செடி ஹாலுக்குக் குடிவந்தது. இலைகள் சிவப்பு, நீல வெளிச்சத்தில்தான் நன்றாகப் பசியாறுமாம்; இணையத்தில் ஆயிரம் வாட் என்று போட்ட லைட் ஒன்றும் கூடவே வந்தது. உள்ளே நூறு வாட் ஓடினால் அதிகம். காய்கறி வாங்கினால் கடைக்காரர் சும்மாவே போட்டுக்கொடுக்கும் கறிவேப்பிலைக்குத்தான் இந்த ராஜ மரியாதை.

முந்தாநாள் சீரியல் நேரத்தில் ஹாலில் ஒரு வாடை. “உங்க ஊதுபத்தியை முதல்ல அணைங்க” என்றாள் மனைவி. அணைத்தேன். வாடை போகவில்லை. செடி அலமாரிக்குப் பின்னால் பார்த்தால், எக்ஸ்டென்ஷன் பழுப்பாகி, ஓட்டை இளகிக் கிடக்கிறது. “மட்டமான லைட்டு” என்று தீர்ப்பு வந்துவிட்டது. லைட்டின்மேல் குற்றமே இல்லை. இந்த மாதிரி தீ விபத்து வர மூன்று வழிகள் இருக்கின்றன. சொல்கிறேன்.

முதலாவது எக்ஸ்டென்ஷன். நம் வீடுகளில் இது பொருள் அல்ல, வம்சம். சுவரில் இருக்கும் சொக்கெட் பாட்டனார். 13 ஆம்பியர், ஏறக்குறைய 3000 வாட் வரை குடும்பத்தைத் தாங்கும் கௌரவஸ்தர். அவருக்குப் பிறந்த மூத்த எக்ஸ்டென்ஷன் டிவியையும் சாமி மேடை விளக்கையும் பார்த்துக்கொள்கிறது. அதற்கு ஒரு பிள்ளை, பாசார் மாலாமில் வாங்கியது. சிரிம் முத்திரை இருக்கவேண்டிய இடத்தில் விலைச் சீட்டு. அந்தப் பிள்ளைக்கு ஒரு பிள்ளை, வயர் நீளம் என்று சுருட்டி ரப்பர் பேண்ட் போடப்பட்டது. சுருட்டிய வயருக்குச் சூட்டை வெளியே விட வழியில்லை, உள்ளுக்குள்ளேயே புழுங்கும். நடுவில் அடாப்டர் என்று ஒரு மாப்பிள்ளை. வந்த நாளிலிருந்து ஒட்டாமல் ஆடிக்கொண்டே இருக்கிறார். எள்ளுப்பேரனாக வந்து சேர்கிறது நம் ஊதா லைட். அதற்கோ இரண்டே பின்.

இரண்டு பின்னை மூன்று ஓட்டையில் எப்படிச் செருகுவது என்று நம்மவர்களுக்குச் சொல்லித்தர வேண்டுமா? எர்த்து ஓட்டையில் பேனாவை விட்டு அமுக்கினால் மற்ற இரண்டும் வாய் திறக்கும். ஓட்டைக்குள் இருக்கும் அந்த மூடி குழந்தைகள் எதையும் குத்தக்கூடாது என்பதற்காக வைத்தது. நாமோ அப்பன் கையாலேயே குத்தித் திறக்கிறோம். பிறகு அந்த ஒல்லிப் பின் தொளதொளவென்று நிற்கும். தொடுப்பு சரியில்லாத இடத்தில்தான் சூடு பிறக்கிறது. மூன்று பின் பிளக்கில் இருக்கும் ஃபியூஸ் இதில் கிடையாது. இருந்தாலும் பிரயோஜனமில்லை; கரண்ட் அளவுக்கு மீறினால்தான் ஃபியூஸ் போகும், ஆடுகிற பின் நூறு வாட்டில் தினமும் 12 மணி நேரம் வெந்துகொண்டிருப்பது அதற்குத் தெரியாது. எங்கள் வீட்டில் வெந்தது அதுதான். இதை நான் சொன்னபோது மகள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது, துண்டு. எல்ஈடி சுடாது என்று எவனோ கிளப்பிவிட்டிருக்கிறான். தின்கிற மின்சாரத்தில் பாதிக்குப் பக்கம் சூடாகத்தான் போகிறது. அதை வெளியேற்றத்தான் முதுகில் வரிவரியாக அலுமினியம். சீரியல் பார்க்கும்போது கண் கூசுகிறதென்று அந்த முதுகின்மேல் ஈரத்துண்டைப் போர்த்துகிறார்கள். துண்டும் காய்ந்துவிடுகிறதாம், ஒரே செலவில் இரண்டு வேலை. சொட்டும் தண்ணீர் எங்கே போகும்? நேரே கீழே, பாட்டனாரின் பேரன்மேல்.

மூன்றாவதைச் சொல்வதற்குள் ஃபியூஸ் வைத்த மூன்று பின் பிளக்கும் சிரிம் முத்திரை போட்ட எக்ஸ்டென்ஷனும் வாங்கிவர என்னையே அனுப்பிவிட்டார்கள். ஹார்ட்வேர் கடைக்காரர் நான் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டார். “சரிதான் அண்ணே, இந்தக் காலத்துல யாருக்கும் பயமே இல்ல” என்று தலையாட்டினார். பிறகு பில் எழுதப் பேனா தேடி, மேசை ஃபேன் பிளக்குக்கு மேலே இருந்த எர்த்து ஓட்டையிலிருந்து ஒன்றை உருவினார்.