உடப்புசல்லாவையில் அறிவினா: பழைய வகுப்புத் தோழர் உரையாடல் பற்றிய ஓர் இலக்கண ஆய்வு

ஆய்வுப் பொருளும் எல்லையும்

தேயிலைச் செடியை ஆராய இலங்கையில் 1925ஆம் ஆண்டிலேயே ஒரு நிறுவனம் அமைத்தார்கள். இன்று அது தலவாக்கலையில் இயங்குகிறது. மண், மழை, உரம், கொப்புள நோய், கவ்வாத்து வெட்ட வேண்டிய உயரம் என்று அந்தச் செடியைப் பற்றி எழுதப்படாமல் விட்டது கொஞ்சம்தான். ஆனால் அதே செடிகளுக்கு நடுவே பிறந்து, ஒரே பிள்ளைக்காம்பராவில் தூங்கி, ஒரே பள்ளியில் ஓ.எல். வரைக்கும் படித்து, பிறகு திசைக்கொருவராகப் போன இருவர் பத்துப் பதினைந்து வருடம் கழித்து உடப்புசல்லாவை டவுனில் எதிர்ப்பட்டால் என்ன பேசுகிறார்கள், ஏன் எப்போதும் அதையே பேசுகிறார்கள் என்பதை ஆராய ஒரு மேசை நாற்காலிகூட இதுவரை ஒதுக்கப்படவில்லை. செடிக்குக் கிடைத்த கவனத்தில் ஒரு கொழுந்தளவாவது இவ்வுரையாடலுக்கும் கிடைக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் எழுந்தது இக்கட்டுரை.

களமாக உடப்புசல்லாவையைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. இலங்கைத் தேயிலையின் ஏழு பிரதேசங்களில் ஒன்று இவ்வூரின் பெயரால் வழங்குகிறது என்பது ஒன்று. நுவரெலியாப் பக்கமிருந்து வருவோரும் போவோரும் கந்தப்பளை, ராகலை வழியாகச் செல்லும் ஒரே பாதையை நம்பியிருப்பதால், பழைய வகுப்புத் தோழரைக் கண்டும் காணாததுபோல் நழுவ நினைப்பவருக்கு மாற்றுவழி குறைவு என்பது மற்றொன்று. காலம், தீபாவளிக்கு முந்திய சில நாள்களும் தோட்டத்துக் கோயில் திருவிழாவும். இழவு வீடுகள் சேர்த்துக்கொள்ளப்பட்டன. கல்யாண வீடுகள் விலக்கப்பட்டன. அங்கே ஒலிபெருக்கி இருப்பதால் தரவு காதில் விழாது.

வகுப்புத் தோழர் என்ற இனமே மலையில் வயது குறைந்தது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளி வைக்கும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்தின் தலையில் வைத்தது. நிர்வாகமும் வைத்தது: ஓர் அறை, ஒரு வாத்தியார், சில கீழ்வகுப்புகள். எல்லா வகுப்பும் ஒரே அறையில் இருக்கும்போது வகுப்புத் தோழர் யார், சும்மா ஊர்க்காரர் யார் என்று பிரிப்பது வாத்தியாருக்கே கடினம். 1972இலும் 1975இலும் வந்த காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசின் கைக்குப் போயின. 1977 முதல் தோட்டப் பள்ளிகளை அரசு படிப்படியாகப் பொறுப்பேற்றது. அதன் பிறகுதான் ஒன்றாக ஓ.எல். எழுதிய 'பேட்ச்' என்ற ஒன்று தோட்டத்து லயங்களில் பரவலாக உருவாயிற்று. ஆகவே நம் ஆய்வுப் பொருளுக்கு வயது அரை நூற்றாண்டுகூட நிறையவில்லை. அதற்குள் அதற்கென்று இலக்கணம் இறுகிவிட்டது என்பதே வியப்பு.

கருதுகோள்

பழைய தோழர்கள் ஒருவரையொருவர் விசாரிப்பது, இடைப்பட்ட வருடங்களில் நடந்ததைத் தெரிந்துகொள்ளத்தான் என்பது பொதுமக்கள் கொள்கை. இது முழுப் பிழை என்று நிறுவுவதே என் நோக்கம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தி முனிவர் வினாவை ஆறாக வகுத்தார்: அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா. தனக்கு விடை தெரிந்தே பிறரிடம் கேட்பது அறிவினா. அதற்கு ஆசிரியர் மாணவரைக் கேட்பதை உதாரணம் காட்டுவது வழக்கம். என் கருதுகோள் இதுதான்: உடப்புசல்லாவையில் பழைய வகுப்புத் தோழர் கேட்கும் கேள்விகள் யாவும் அறிவினாக்களே. படிக்கும் காலத்தில் மேசைக்கு இந்தப் பக்கம் ஒன்றாக உட்கார்ந்திருந்தவர்கள், பிரிந்து வளர்ந்து மீண்டும் சந்திக்கையில் இருவருமே மேசைக்கு அந்தப் பக்கம் போய்விடுகிறார்கள்.

சான்றுகள்

"என்னடா மச்சான், இப்ப எங்க இருக்க?" என்பது முதல் வினா. கேட்பவருக்கு விடை தெரியாமலிருக்க வழியே இல்லை. லயம் என்பது ஒரு நீண்ட கூரைக்குக் கீழே வரிசையாகத் தடுத்த காம்பராக்கள். ஒரு காம்பராவின் சுவர் அடுத்த காம்பராவுக்கும் சுவர். வெள்ளவத்தைப் புடவைக்கடைக்கு மகன் வேலைக்குப் போனான் என்ற செய்தி அம்மாவின் வாயிலிருந்து கிளம்பி, அன்று மதியமே கொழுந்து மலையில் நிரை நிரையாக நகர்ந்து, மாலையில் கொழுந்து நிறுக்கும் இடத்தில் தோட்டத்தின் மேல், கீழ்ப் பிரிவுகளான மேக்கணக்குக்கும் கீழ்க்கணக்குக்கும் பொதுவாகிவிடுகிறது. "கல்யாணம் முடிஞ்சிருச்சா?" என்பது இரண்டாம் வினா. கேட்பவர் வீட்டுக் கண்ணாடிச் சட்டத்தில் அந்தக் கல்யாணப் பத்திரிகை இன்னும் செருகியபடி இருக்கிறது. "புள்ளைங்க எத்தன?" என்ற மூன்றாம் வினாவைக் கேட்பவர், அந்தப் பிள்ளைகளின் படத்துக்குக் கைப்பேசியில் சென்ற வாரம்தான் இதயக் குறி போட்டிருப்பார்.

இதைவிட வலுவான சான்று, கேட்கப்படாத கேள்விகளில் இருக்கிறது. தோட்டத்தில் வேலை செய்யும் தோழரின் நாட்சம்பளம் ஊரறிந்த விஷயம். 2021இல் 1,000 ரூபா, 2024இல் 1,350 ரூபா என்று வர்த்தமானியிலேயே போட்டிருக்கிறார்கள். அதனால் "ஒங்களுக்கெல்லாம் இப்பக் கூட்டிட்டாங்கதானே?" என்று எல்லோரும் அவரிடம் தாராளமாகக் கேட்கிறார்கள். கொழும்பில் கடையில் நிற்பவருக்கும், குவைத்தில் வீட்டுவேலை செய்துவிட்டு வந்தவருக்கும் எவ்வளவு கிடைத்தது என்பது மட்டுமே உண்மையில் யாருக்கும் தெரியாத ஒன்று. அதை மட்டும் ஒருவரும் முகத்துக்கு நேரே கேட்பதில்லை. தெரிந்துகொள்வதே நோக்கமாயிருந்தால் தெரியாததை அல்லவா முதலில் கேட்க வேண்டும்? தெரிந்ததைக் கேட்டு, தெரியாததை விட்டுவிடும் ஒரு விசாரணையைச் செய்தி சேகரிப்பு என்று அழைக்க எந்த அளவையியலும் இடம் கொடாது.

விடைகளின் வகை

வினாவைப் போலவே விடைக்கும் நன்னூலில் வகை உண்டு. சுட்டு, மறை, நேர் என்ற மூன்றும் நேரடி விடைகள். ஏவல், வினா எதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி என்ற ஐந்தும் சுற்றிவளைத்து விடையை உணர்த்துபவை. "வேலையெல்லாம் எப்படிப் போகுது?" என்ற ஒரே கேள்வியைத் தூண்டிலாக வைத்து ஐந்தையும் பிடிக்கலாம். "ஒருநாளைக்கு வந்து பாரேன்" என்றால் ஏவல். "ஏன், எனக்கு என்ன கொறச்சல்?" என்றால் வினா எதிர் வினாதல். "நின்னு நின்னு இடுப்புத்தான் போச்சு" என்றால் உற்றது உரைத்தல். "வர்ற வருசம் சரியாயிரும்" என்றால் உறுவது கூறல். "சாப்பாடு நல்லா இருக்கு" என்றால் இனமொழி. "நன்றாகப் போகிறது" என்றோ "போகவில்லை" என்றோ நேரடியாக விடை சொன்னவர் ஒருவர்கூட இவ்வாய்வில் அகப்படவில்லை. அகப்பட்டிருந்தால் அவரைப் பிறவூர்க்காரர் என்று விலக்கியிருப்போம்.

இவ்வைந்துக்கும் சேர்த்து 'ராகலை விடை' என்று பெயரிட முன்மொழிகிறேன். 1903ஐ ஒட்டிய ஆண்டுகளில் நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாகக் குறுகிய ரயில் பாதை ஒன்று போட்டார்கள். அதற்கு உடப்புசல்லாவைப் பாதை என்றே பெயர். ஆனால் தண்டவாளம் ராகலையோடு முடிந்தது. 1940களில் பாதையை மூடும்வரை அதில் ஓடிய எந்த ரயிலும் தன் பெயருக்குரிய ஊரைப் பார்த்ததில்லை. ஆனாலும் ஏறிய எவருக்கும் தாம் எந்தத் திசையில் போகிறோம் என்பதில் ஐயம் இருந்திராது. இடுப்பு வலியைப் பற்றிச் சொன்னவரின் விடையும் அவ்வாறே: ஊரைச் சேரவில்லை, ஆனால் திசை துல்லியம். மீதித் தூரத்தைக் கேள்வி கேட்டவரே நடந்து கடந்துகொள்கிறார்.

மறுப்புகளும் மறுமொழியும்

இதெல்லாம் வெறும் மரியாதை, உலகெங்கும் உள்ள உபசாரம், இதற்கு நன்னூலை ஏன் இழுக்க வேண்டும் என்று சிலர் கேட்கலாம். உபசாரம் என்றால் அது எல்லோரிடமும் ஒரே அச்சில் இருக்க வேண்டும். மலையைப் பார்க்க வந்த சுற்றுலாப் பயணியிடம் உடப்புசல்லாவைக்காரர் கேட்கும் கேள்விகள் வேறு. "எந்த ஊரு? என்ன வேலை? மாசம் எவ்வளவு வரும்?" என்று சம்பளம் வரைக்கும் கூச்சமில்லாமல் கேட்கிறார்; அவை தூய அறியா வினாக்கள். உபசாரமே காரணமாயிருந்தால் அந்நியரிடம் கூசியிருப்பார், தோழரிடம் துணிந்திருப்பார். நடப்பது தலைகீழாக இருப்பதால் உபசாரக் கொள்கை நிற்காது.

கைப்பேசிக் குழுக்கள் வந்தபின் எல்லாச் செய்தியும் எல்லோருக்கும் தெரிவதால் இத்தகைய உரையாடல்கள் தாமே அழிந்துவிடும் என்பது இரண்டாவது மறுப்பு. பொதுமக்கள் கொள்கை சரியாக இருந்தால் இதுவும் சரியாக இருக்க வேண்டும். செய்தி தீர்ந்ததும் பேச்சும் தீர வேண்டும். தீபாவளிக்கு முந்திய நாள் பஸ் தரிப்பிடத்தில் போய் நின்றால் இதன் பொய்மை விளங்கும். பை இரண்டு கையில், பிள்ளை ஒன்று தோளில், பஸ் உறுமிக்கொண்டிருக்க, குழுவில் நேற்றிரவு எழுதியதையே இருவர் இன்று வாயால் கேட்டுக்கொண்டிருப்பார்கள். தெரிந்தது பெருகப் பெருக அறிவினாவுக்குத் தீனி பெருகுகிறதே தவிரக் குறையவில்லை.

மூன்றாவது மறுப்பு கனமானது. விடை உண்மையிலேயே தெரியாமல் கேட்ட தோழர்கள் மலையில் இருந்தார்களே என்பது அது. மறுக்க முடியாது. 1964 அக்டோபர் 30ஆம் தேதி கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம், நாடற்றவராக இருந்த இந்திய வம்சாவளியினர் 975,000 பேரில் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. மிச்சமிருந்த 150,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பிரித்தார்கள். கணக்கு வீடுகளின் பெயரில் நடந்தாலும் வெட்டு பள்ளி வாங்குகளின் நடுவிலும் விழுந்தது. ஒரே வாங்கில் இருந்த ஒருத்தி தலைமன்னாருக்கு ரயிலேறி, கப்பலில் ராமேஸ்வரம் போய், மண்டபம் முகாமைத் தாண்டி நீலகிரியில் மறுபடியும் தேயிலைக்கே கூடை கட்டினாள். மற்றவள் இங்கேயே இருந்தாள். அந்தக் கப்பலும் 1984இல் நின்றது. கடிதம் குறைந்து, விலாசம் மாறி, செய்தி சொல்ல நடுவில் லயத்துச் சுவர் இல்லாத அந்த இருவர் பல பத்தாண்டுகள் கழித்துத் தொலைபேசியில் கிடைக்கும்போது கேட்பவை அறிவினாக்கள் அல்ல. "எத்தன புள்ள?" என்பது அங்கே எண்ணிக்கையைத் தெரிந்துகொள்ளவே கேட்கப்படுகிறது. விடையும் நேராக வருகிறது: மூன்று, ஒன்று இறந்துவிட்டது. இவ்விதிவிலக்கு என் கருதுகோளை உடைக்கவில்லை, அதன் எல்லையைக் காட்டுகிறது. ஊர் நடுவில் இருந்தால்தான் அறிவினா நடக்கும். ஊர் அறுந்த இடத்தில் தோழர்கள் அறியா வினாவோடு நேருக்கு நேர் நிற்க வேண்டியதுதான். தெரிந்ததையே கேட்டுக்கொண்டிருக்கும் வசதி எவ்வளவு பெரிய சொத்து என்பதை, அதை இழந்தவர்களின் உரையாடலே நிறுவுகிறது.

முடிவுரை

அப்படியானால் தெரிந்ததை ஏன் கேட்க வேண்டும்? ஆசிரியர் கேட்பது தாம் அறிவதற்கல்ல, விடை மாணவர் வாயால் வரட்டும் என்பதற்காக. மலையகத்தவரின் வரலாறு நெடுகிலும் அவர்களைப் பற்றிய விவரத்தைப் பிறரே எழுதியிருக்கிறார்கள். 1921இல் ஒழிக்கப்பட்ட துண்டு முறையில், ஒருவர் தலையிலிருந்த கடனை அவர் சொல்லவில்லை, துரை எழுதிய சீட்டுச் சொல்லிற்று. வேலைக்கு வந்தாரா என்பதைச் செக்ரோல் என்ற வருகைப் பதிவேடு சொல்லிற்று. எந்த நாட்டுக்காரர் என்பதை 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தொடங்கி 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரைக்கும் பல காகிதங்கள் மாறி மாறிச் சொல்லின. தன் கதையைத் தானே, தனக்கு வேண்டிய இடத்தில் நிறுத்தி, வேண்டாததை விழுங்கிச் சொல்லும் உரிமையை இவர்களுக்குக் கொடுத்த அலுவலகம் எதுவும் இல்லை. பழைய வகுப்புத் தோழர் கொடுக்கிறார். முழு உண்மையும் தெரிந்திருந்தும் தெரியாததுபோல் கேட்டு, சொன்னதை அப்படியே ஏற்று, "அப்ப நல்லம்தான் மச்சான்" என்று முழுப் புள்ளியும் போடுகிறார். ஓ.எல்.லில் கணிதம் தவறியவரும் இந்தப் பரீட்சையில் தவறுவதில்லை.

இவ்வாய்வின் பரிந்துரைகள் நான்கு. ராகலை விடை வந்தபின் அதற்கப்பால் தண்டவாளம் போட எவரும் முயலக் கூடாது. சொன்ன விடை ஊரறிந்த செய்தியோடு முரண்பட்டால் ஊர்ச் செய்தியையே திருத்திக்கொள்ள வேண்டும். தீபாவளிக் காலத்தில் தரிப்பிடத்தில் ஒவ்வொரு பஸ்ஸும் இரண்டு அறிவினாக்களுக்குப் போதுமான நேரம் கூடுதலாக நிற்க வேண்டும். உண்மையாகவே தெரியாத ஒன்றைக் கேட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் தரிப்பிடத்தில் கேட்கக் கூடாது. கடைக்குள் உட்கார வைத்து, முதல் பிளேன்டீ முடிந்த பிறகே கேட்க வேண்டும். இரண்டு பிளேன்டீக்குமான காசைக் கேள்வி கேட்டவரே கொடுக்க வேண்டும்.