மார்பளவு 81

மாஞ்சோலைத் தேயிலை எஸ்டேட்டில் நான் வளர்ந்த காலத்தில் உடம்பை யாரும் வளர்க்கவில்லை. வேலைதான் வளர்த்தது. அதுவும் பெண்களுக்கே முதலில். நாள் முழுக்கச் சரிவில் நின்று கொழுந்து கிள்ளி, மழையில் ஊறிக் கனத்த மூட்டையைத் தலையில் ஏற்றி, எடை போடும் இடம்வரை சுமந்து வருவாள் அம்மா. அவள் கழுத்தும் கெண்டைக்காலும் இருந்த உறுதியை நான் பின்னாளில் எந்த ஜிம்மிலும் கண்டதில்லை. ஆனால் அம்மா தன் உடம்பை முழுதாகப் பார்த்ததே இல்லை. லயன் வீட்டில் எங்களுக்கு இருந்தது ரசம் போன ஒரு சின்னக் கண்ணாடி. முகம் மட்டும் தெரியும்.

1929-இல் சிங்கம்பட்டி ஜமீன் 8,373 ஏக்கர் காட்டை 99 ஆண்டுக் குத்தகைக்கு பாம்பே பர்மா கம்பெனிக்கு விட்டது. காடழித்துத் தேயிலை நட்டவர்கள் முதல் என் வயதுக்காரர்கள் வரை, அந்த மலையில் உடம்பின் வலுவெல்லாம் கூலிக்கணக்கில்தான் போய்ச் சேர்ந்தது.

அழகுக்கென்று உடம்பு வளர்த்தவர் எனக்குத் தெரிந்து ஒரே ஒரு அண்ணன். ஓடையிலிருந்து உருட்டிக்கொண்டு வந்த இரண்டு கல், தினமும் தண்டால், பஸ்கி. கோயில் கொடைக்கு ஊரே ஸ்வெட்டரும் கம்பளியுமாக நடுங்கிக்கொண்டு நிற்கும். அவர் மட்டும் முண்டா பனியனோடு வருவார். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு அவருக்குப் போதும். கல்யாணம் ஆனதும் கல்லை விட்டுவிட்டார். அவரைப் பகட்டுக்காரன் என்று பெரியவர்கள் திட்டினார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஊர் பார்க்க வேண்டும் என்ற ஆசை எவரையும் கெடுத்ததாக நான் நினைக்கவில்லை. கீழே பணகுடிப் பக்கம் வடலிவிளையில் இன்றும் பொங்கலுக்கு இளவட்டக்கல் தூக்குகிறார்கள். ஒரு காலத்தில் மாப்பிள்ளையின் வலுவைச் சோதித்த கல் அது. இப்போது பெண்களும் தூக்குகிறார்கள். தூக்கித் தோளுக்குப் பின்னால் போட்டதும் கைதட்டல், பரிசு. அதோடு முடிந்தது.

என்னுடைய கதை வேறு. படிக்கக் கீழே இறங்கியபோது ‘எஸ்டேட்டுக்காரப் பய’ ஆனேன். அந்தப் பேச்சுக்கு அடியில் சாதி இருந்தது என்பது சொல்லாமலே எல்லாருக்கும் தெரியும். என் மேல் எவனும் கை வைக்கக்கூடாது என்பதற்காகவே நான் தண்டால் எடுத்தேன். சட்டைக் கையை ஒருநாளும் மடித்துவிட்டதில்லை. அமெரிக்காவில் சார்லஸ் அட்லஸ் என்பவர் இந்தப் பயத்தையே விற்றுப் பெரிய வியாபாரம் செய்திருக்கிறார். கடற்கரையில் நோஞ்சான் பையன் முகத்தில் மணலை எத்திவிட்டுப் போவான் ஒரு முரடன். பையன் அட்லஸின் உடற்பயிற்சிப் பாடம் வாங்கிப் படித்து, உடம்பு தேறி வந்து திருப்பி அடிப்பான். அந்தச் சித்திரக்கதை விளம்பரத்தைப் பார்த்துப் பாடம் வாங்கியவர்களில் எத்தனை பேர் அடி வாங்கி வளர்ந்தவர்களோ.

1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் கூலிக்காகவும், சிறையிலிருந்த தொழிலாளர்களை விடச் சொல்லியும் ஊர்வலம் போனார்கள் எங்கள் ஜனங்கள். கொக்கிரகுளத்தில் தடியடிக்குத் தப்பத் தாமிரபரணிக்குள் இறங்கினார்கள். 17 பேர் செத்துப்போனார்கள். கைக்குழந்தை ஒன்றும் அதில் உண்டு. மலையேறிப் பழகிய கால்களும் மூட்டை சுமந்த தோள்களும்தான் அன்று அந்த ஊர்வலத்தில் நடந்தவை. லத்திக்கு முன்னால் அந்த வலுவெல்லாம் எதற்கும் உதவவில்லை.

2024 நடுவில் கம்பெனி வேலையை நிறுத்தியது. பக்கத்து லயனில் இருந்த குடும்பம் ஒன்று கல்லிடைக்குறிச்சிக்கு இறங்கி வந்து வாடகை வீட்டில் இருக்கிறது. அந்த வீட்டுப் பையன் அம்பாசமுத்திரத்தில் ஜிம்முக்குப் போகிறான். மாதச் சந்தா, புரோட்டீன் பவுடர், நாலு சுவரிலும் ஆளுயரக் கண்ணாடி. அவன் அம்மா சுமந்த சுமைக்குக் கம்பெனி கூலி கொடுத்தது. இவன் சுமைக்கு இவனே காசு கட்டுகிறான்.

“பந்தா பண்ணுதான்” என்கிறார்கள் உறவுக்காரர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஹாரிசன் போப் என்ற மனநல மருத்துவர் 1993-இல் எழுதிய ஆய்வில் சில பாடிபில்டர்கள் வருகிறார்கள். மலை மாதிரி உடம்பு. ஆனாலும் தாங்கள் சிறுத்துத் தெரிவதாக நம்பி, கொளுத்தும் வெயிலிலும் கனத்த சட்டையால் உடம்பை மறைத்தவர்கள். குளிரில் பனியனோடு நின்ற எங்கள் அண்ணனுக்கு நேர் எதிர். இந்தப் பையனும் முழுக்கைச் சட்டைதான் போடுகிறான். ஜிம்மில் யாரோ ஊசி போட்டால் சீக்கிரம் ஏறும் என்று சொல்லியிருக்கிறார்கள். வெளியிலிருந்து ஏற்றும் ஸ்டீராய்டு உடம்பு தானாகச் சுரக்கும் ஹார்மோனை நிறுத்திவிடும், இதயத்தையும் கெடுக்கும் என்று நான் உட்கார வைத்துச் சொன்னேன். கேட்டுக்கொண்டான். பயந்தவனிடம் பயம் காட்டித் திருத்த முடியுமா என்ற சந்தேகம் எனக்கு இன்னும் தீரவில்லை.

அவன் குறி போலீஸ் வேலை. மார்பு 81 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். மூச்சை இழுத்தால் இன்னும் ஐந்து விரிய வேண்டும். 1,500 மீட்டரை ஏழு நிமிடத்தில் ஓட வேண்டும். மாஞ்சோலை பஸ் இறங்கும் மணிமுத்தாறிலேயே பட்டாலியன் இருக்கிறது. காக்கி அரைக்கால் சட்டையோடு ஓடுகிறவர்களைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவன். அவன் தாத்தா 1999 ஊர்வலத்தில் போனவர். லத்தி பட்ட தோள் கடைசிவரை அவருக்கு நேராகவில்லை. இதை நான் பையனிடம் எடுக்கவில்லை, அவனுக்குத் தெரியும். அவன் தேறி, அந்த உடுப்பைப் போட வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

போன வாரம் கேட்டேன், “வேல கெடச்சதும் ஜிம்மு போறத நிறுத்திருவியாலே?”

“எப்படி மாமா நிறுத்த? விட்டா சுருங்கிரும்லா.”

அடுப்படியிலிருந்து அவன் அம்மாவின் குரல் வந்தது: “மலைய விட்டு எறங்குனதுலருந்து எங் கையுந்தான் சுருங்கிப் போச்சு. யாரு கேட்டா?”