ஓரமாக ஓடுகிறவன்

கேள்வி: என் பையன் கால்பந்தில் விங்கர். பெரிய கிளப்பில் சேராமல் முன்னுக்கு வர முடியுமா சார்?
- வாசகர், அம்பத்தூர்

பதில்: பி.கே. பானர்ஜி வந்தாரே! வலது ஓர விங்கர். மோகன் பகானுக்கோ ஈஸ்ட் பெங்காலுக்கோ ஆடியதே இல்லை. ஈஸ்டர்ன் ரயில்வேயே கதி என்று இருந்தார். அந்த ரயில்வே 1958-ல் கல்கத்தா லீக்கையே தட்டிக்கொண்டு போனது. கல்கத்தாவின் மூன்று பெரிய கிளப்புகளைத் தாண்டி இன்னொரு அணி அதைத் தொட 2019 ஆயிற்று! 1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்திய அணிக்கு அவர்தான் கேப்டன். பிரான்சுக்கு எதிராக ஒரு கோல் போட்டு 1-1. 1962 ஜகார்த்தா ஆசியப் போட்டி இறுதியிலும் ஒரு கோல், கழுத்தில் தங்கம். 1967-ல் ஓய்வு. அப்புறம் அதே பெரிய கிளப்புகள் பயிற்சியாளராக வரச்சொல்லி அழைத்தன, போனார். பிழைக்கத் தெரிந்தவர்.

பையன் தாராளமாக ஓரத்திலேயே ஓடட்டும். ஆவடி லோக்கலில் ஃபுட்போர்டு ஓரம் மட்டும் வேண்டாம். அங்கே சப்ஸ்டிட்யூட் கிடையாது.