எரேமியா 29, ஹாலிஎல

1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் ஸ்ரீமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். தோட்டத் தமிழரில் ஐந்தேகால் லட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு. மிச்சம் ஒன்றரை லட்சத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். இலங்கை மலையகத்தில் ஹாலிஎலப் பக்கத்துத் தோட்டங்களில் இதற்கு விளக்கம் சொல்லும் பொறுப்பு எரேமியா தீர்க்கதரிசியின் தலையில் விழுந்தது.

எழுபதுகளில் நான் சிறுவன். எங்கள் லயத்தில் வேதாகமம் ஒன்றுதான் இருந்தது. ஞாயிறு சாயங்காலம் உபதேசியார் வருவார், இஸ்தோப்பில் பாய் விரிப்போம். படிக்கும் முறை எளிது: கண்ணை மூடிப் புத்தகத்தைத் திறந்து விரலை வைக்க வேண்டும். லேவியராகமத்தில் விழுந்தால் கணக்கில் சேராது, மறுபடி வைக்கலாம். எரேமியா 29 வந்தால் சபை நிமிர்ந்து உட்காரும். சிறைப்பட்டுப் போனவர்களைச் சொந்த ஊருக்கே அழைத்துவருவதாகக் கடவுள் சொல்லும் இடம் அது. "அப்ப திருச்சிதான்" என்பார் பெரியப்பா. அவர் இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தவர். இலங்கைப் பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டவர்கள் அதே அதிகாரத்தின் ஐந்தாம் வசனத்தைப் பிடித்துக்கொண்டார்கள்: போன இடத்தில் வீடு கட்டி, தோட்டம் போட்டுக் குடியிருக்கச் சொல்கிறது. காம்பராவும் தோட்டமும் துரைமார் கையில் என்பது எரேமியாவுக்குத் தெரியாது.

ஒருமுறை இறையியல் படிக்கும் இளைஞர் ஒருவர் வந்தார். விரல் வைக்கிற வேலையே அவரிடம் இல்லை. எரேமியா 29 என்பது கி.மு. ஆறாம் நூற்றாண்டில் பாபிலோனில் இருந்த யூதருக்கு எருசலேமிலிருந்து போன கடிதம் என்றார். பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் எரேமியா நூல் எட்டில் ஒரு பங்கு சிறியது, அங்கே இந்த அதிகாரம் 36, நடுவில் ஐந்து வசனங்கள் கிடையாது என்றார். அத்தனையும் உண்மை. முடித்ததும் அப்பாயி கேட்டார்: "எல்லாஞ் சரிங்க தம்பி. நாங்க பெட்டி கட்டுறதா, வேணாமா?" கடிதம் யாருக்குப் போனது என்று அறிந்த படிப்புக்கு, முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் யார் என்று தெரியவில்லை.

பெட்டி கட்டியவர்கள் ஹாலிஎல ஸ்டேஷனில் கோச்சி ஏறினார்கள், தலைமன்னாரில் கப்பல் ஏறினார்கள். பலருக்கு நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை கிடைத்தது. வாக்களிக்கப்பட்ட தேசத்திலும் முதுகில் கொழுந்துக் கூடைதான்.

இப்போது ஆளுக்கொரு ஃபோன். அதற்குள் பழைய வேதாகமமும் இருக்கிறது, 1995இல் வந்த திருவிவிலியமும் இருக்கிறது, விளக்கவுரைகளும் இருக்கின்றன. யாரும் அவ்வளவு தூரம் போவதில்லை. காலையில் 'இன்றைய வசனம்' தானாக வந்து விழுகிறது. விரலின் வேலையை இயந்திரம் எடுத்துக்கொண்டது; அதற்கு லேவியராகமம் தவறியும் வாய்ப்பதில்லை. கட்டாருக்கு விசா வந்தவருக்கும் நல்ல எதிர்காலத்தை வாக்களிக்கும் எரேமியா 29:11, வராதவருக்கும் அதுவே. தோட்ட மக்களுக்கு ஏழு பேர்ச்சஸ் காணி என்ற பேச்சு எழுந்தால் ஐந்தாம் வசனம் வாட்ஸ்அப்பில் சுற்றும்.

விரலோ, ஆராய்ச்சியோ, ஃபோனோ, எதுவானாலும் மேலே இரண்டு வசனம், கீழே இரண்டு வசனம் சேர்த்துப் படித்தால் பாதி வம்பு தீரும். எட்டாம் ஒன்பதாம் வசனங்கள், கேட்க இனிப்பாகச் சொல்லும் தீர்க்கதரிசிகளிடம் ஏமாறாதீர்கள் என்கின்றன. பத்தாவது தவணையையே சொல்லிவிடுகிறது: எழுபது வருடம். பதினொன்றாவது எங்கள் பக்கத்தில் சுவருக்குச் சுவர் தொங்குகிறது. பத்தாவதைப் போட்ட காலண்டர் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. அதுவும் நல்லதற்குத்தான். போட்டால், ஒப்பந்த வருடத்தோடு எழுபதைக் கூட்டி 2034க்கு நாள் குறிக்க இங்கே ஆளுக்குப் பஞ்சமில்லை.