பழனி ஸ்டோர்ஸ் ஒரு கடையா, ஏழு கடையா? வாடிக்கையாளர் பட்டியல் குறித்த ஒரு சிற்றாய்வு

வளர்ந்துவரும் நிறுவனத்தில் டேட்டா அனலிஸ்ட் எதிர்காலத்தைக் கணிக்கிறார் என்பது நியமனக் கடிதத்தில் மட்டும் வழங்கிவரும் ஐதிகம். மெய்யாக அவர் செய்வது, பட்டியலில் உள்ள ஏழு பழனிகளும் ஒரே ஆளா என்று துப்புத் துலக்குவது. இதுவே இவ்வாய்வின் கருதுகோள்.

ஆய்வுக்களம்: நாலு கிளை திறந்து, ஐந்தாவதுக்கு இடம் பார்த்துவரும் ஒரு மளிகை மொத்த வியாபாரம். ஒரே கடையாக இருந்த காலத்தில் இச்சிக்கல் இல்லை. எந்தப் பழனி, எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் அண்ணாச்சிக்கு மனப்பாடம். கிளைக்கொரு கம்ப்யூட்டர் வந்ததும் பழனி பெருகலானார்.

வகைப்பாடு: பெருகிய பழனிகள் மூவகைப்படுவர்.

1. ழகரப் பழனி. ஆங்கிலத்தில் பில் அடிக்கும்போது ஒரு கிளை 'எல்' போடும். இன்னொரு கிளை 'இசட் ஹெச்' போடும்.

2. இனிஷியல் பழனி. ஓரிடத்தில் 'எம். பழனி', வேறிடத்தில் 'பழனி எம்'. குடும்பப் பெயரைக் கொடு என்று மென்பொருள் அடம்பிடிப்பதால், 'எம்' என்பது தமிழ்நாட்டின் பெரிய வம்சங்களுள் ஒன்றாகிவிட்டது.

3. குறிப்புரைப் பழனி. 'பழனி ஸ்டோர்ஸ் பழைய பாக்கி', 'பழனி ஸ்டோர்ஸ் கடன் தராதே'. பின்னது அப்படியே பில்லில் அச்சாகி அவர் கைக்கே போய்ச் சேர்ந்ததும் உண்டு.

முன்னோர் ஆய்வுகள்: ஒலிப்பில் ஒத்த பெயர்களுக்கு ஒரே குறியீடு தரும் 'சவுண்டெக்ஸ்' முறைக்கு 1918இல் அமெரிக்காவில் ராபர்ட் ரஸ்ஸல் காப்புரிமை பெற்றார். அதன்படி 'எல்' பழனி பி450, 'இசட் ஹெச்' பழனி பி250. ஆக, ஒரே மனிதர் தமக்குத் தாமே அந்நியர். ஒரு சொல்லை மற்றொன்றாக்க எத்தனை எழுத்தைத் திருத்த வேண்டும் என்று கணக்கிடும் முறையை 1965இல் சோவியத் கணிதர் விளாதிமிர் லெவன்ஷ்டைன் தந்தார். அதன்படி 'எம். பழனி'க்கும் 'என். பழனி'க்கும் இடைவெளி ஒரே எழுத்து. நடைமுறையிலோ, அவர்கள் சொத்துத் தகராறில் முகம் பார்க்காத பங்காளிகள்.

15 இலக்க ஜிஎஸ்டி எண்ணை வைத்துப் பிரிக்கலாமே என்பார் ஒரு சாரார். பதிவு செய்யாத சின்னக் கடைக்கு அந்த எண்ணே கிடையாது. செல்போன் எண்ணோ மகனுடையது. அதுவும் ஆஃபர் வந்தால் மாறும்.

ஆய்வில் வெளிப்பட்டவை:

"நமக்கு மொத்தம் எத்தனை கஸ்டமர், தம்பி?"

"கூட்டினா ஏறும், சேர்த்தா இறங்கும், அண்ணாச்சி."

விற்பனை மேலாளர் முறைத்தார். காரணம் பிறகு விளங்கியது: ஒவ்வொரு பழனிக்கும் 'புது வாடிக்கையாளர்' இன்சென்டிவ் வாங்கப்பட்டிருந்தது. பழனிக்கும் குறையில்லை, ஒவ்வொரு பெயரிலும் தனித்தனிக் கடன் வரம்பு. இருதரப்புக்கும் ஆதாயம் இருக்கையில் பிழை தானாகச் சாகாது.

இறுதியில் சரக்கு இறக்கும் வேன் டிரைவரிடம் கேட்கப்பட்டது. ஆறு பழனிக்கும் ஒரே வாசல், ஏழாவது எதிர்வாசல் பங்காளி என்று டீ ஆறுவதற்குள் சொல்லி முடித்தார்.

பரிந்துரை: முதல் பில்லிலேயே கடைக்கு ஒரு நிரந்தர எண் கொடுங்கள், அதைச் சரிபார்க்காமல் புதுப் பெயர் ஏற்ற யாரையும் விடாதீர்கள். அதன்பிறகு அனலிஸ்ட் தேவை என்று விளம்பரம் செய்யலாம். அதுவரை நீங்கள் கொடுக்கும் சம்பளம் பழனியை எண்ணுவதற்கான கூலிதான்.